அறை இல்லை என்று சொல்லப் போன நாட்கள்

ஐம்பத்தேழாம் வருடம் ஆகஸ்டில் என் வேலை தலைகீழாக மாறியது. அதுவரை நுவரெலியாவிலிருந்து நானுஓயா ஸ்டேஷனுக்குக் காரில் போய், கொழும்பு ரயிலில் வந்து இறங்குகிற விருந்தாளிகளை எங்கள் ஹோட்டலுக்கு ஏற்றிக்கொண்டு வருவேன். ஹோட்டல் வேலையாட்களுக்குக் காய்ச்சல் வந்த பிறகு, அதே காரில் அதே ரயிலுக்குப் போய், அறை இல்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்று சொல்ல வேண்டியவன் ஆனேன்.

நான் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். தோட்டத்து லொறியில் கிளீனராக ஏறி, வண்டி ஓட்டப் பழகி, லைசென்ஸ் எடுத்து, வெள்ளைக்கார மேனேஜர் நடத்திய அந்த ஹோட்டலுக்கு டிரைவராக வந்து சேர்ந்திருந்தேன். என் மனைவிக்கும் அங்கேயே வேலை. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசைத்துணி எல்லாவற்றையும் கரிப்பெட்டியால் தேய்த்து அடுக்குகிற அறையில் இருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். எங்களுக்கு அதுதான் முதல் பிள்ளை.

ஹோட்டலின் பின்புறச் சரிவில் வேலையாட்களுக்கென்று இரண்டு வரிசைக் காம்பராக்கள், ஒற்றை அறை வீடுகள், இருந்தன. தோட்டத்து லயத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எல்லோருக்கும் ஒரே தண்ணீர்க் குழாய். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் தூங்குகிறவன் எழுந்துவிடுவான். உலகம் முழுக்கச் சுற்றி வந்த அந்தக் காய்ச்சல் கப்பலில் கொழும்புக்கு வந்ததாம், கொழும்பிலிருந்து ரயிலில் மலைக்கு ஏறியதாம். அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். நான் ஏற்றிவந்த விருந்தாளிகளில் யாரோ கொண்டுவந்திருக்கலாம். முதலில் துணி வெளுக்கிற ஆள் படுத்தார். பிறகு சாப்பாட்டு மண்டபத்தில் பரிமாறுகிறவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். வெலிமடைப் பக்கத்துச் சிங்களவரான தலைமைக் கோக்கி, சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கிக்கொண்டு போய் விட்டவர்கள் மறுநாள் படுத்தார்கள்.

பள்ளிக்கூட லீவு மாதம். கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்துகொண்டிருந்த நேரம். மேனேஜர் துரை காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு காம்பரா வரிசைக்கு வருவார். ஒவ்வொரு கதவாக எட்டிப்பார்த்து, எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்று பார்ப்பார். நல்ல மனிதர்தான். ஆனால் நாளைக்கு எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு நாளும் நம்பினார். அதனால் வருகிறவர்களை முன்கூட்டியே நிறுத்தாமல் கடைசிவரை தள்ளிப்போட்டார். ஆட்கள் எழவில்லை என்று தெரியும்போது, வர வேண்டியவர்கள் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறியிருப்பார்கள். ரயிலில் இருக்கிறவர்களுக்கு டெலிபோன் பண்ண முடியாது. அவர்களுக்குச் சொல்லத்தான் நான்.

முதல் நாள் நான் சொன்ன குடும்பத்தில் மூன்று பிள்ளைகள். புதிதாகப் பின்னிய கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள். தகப்பன் நடுப் பிளாட்பாரத்தில் என்னைத் திட்டினார். சின்னவன், குதிரையில் ஏற்றுவோம் என்று சொன்னீர்களே என்று தகப்பனின் கோட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு மழையில் நின்றேன். வேறு என்ன செய்வது?

அன்று திரும்பி வந்து என் மனைவியிடம் சொன்னேன். அவள் கரிப்பெட்டியில் ஊதிக்கொண்டே கேட்டாள்.

"நீங்க என்னங்க பண்ணுவீங்க? அவங்களுக்குத் தெரியுமா, இங்க ஆளுங்க எப்புடிக் கெடக்குறாங்கன்னு?"

"நீயும் கொஞ்சம் படு புள்ள. ரெண்டு ஆளு வேலைய நீ ஒருத்தியே பாக்குற."

"நானும் படுத்துட்டா தொரசானிதான் வந்து மெத்த விரிக்கணும்" என்று சிரித்தாள்.

அறை சுத்தம் செய்கிற பெண்கள் எல்லோரும் படுத்துவிட்டதால், மேல்மாடி அறைகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கந்தப்பளையில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று ஒருநாள் யோசித்தேன். அங்கிருந்து மரக்கறி கொண்டுவருகிறவர், தோட்டத்தில் காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்கள், உன் மாமியார் வீட்டில் நாலு பேரும் படுக்கை என்று சொன்னார். அங்கே அனுப்பி என்ன ஆகும்? இங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்தில்தான் யாழ்ப்பாணத்து அம்மாவும் ஐயாவும் வந்தார்கள். ஐயா தபால் தந்திக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். அம்மா குள்ளமாக, உறுதியாக, கையில் ஒரு பிரம்புக் கூடையோடு ரயிலிலிருந்து இறங்கினார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. நான் கிட்டே போய் வழக்கம்போலச் சொன்னேன்.

"மன்னிக்கணுங்க. ஹோட்டல்ல ஆளுங்க எல்லாம் காய்ச்சல்ல படுத்துட்டாங்க. சமைக்க, பரிமாற ஒருத்தருமில்ல. தொர உங்கள இப்பிடியே திரும்பிப் போகச் சொல்லச் சொன்னாருங்க."

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நாங்கள் கலியாணம் கட்டி முப்பது வருசம். லீவெண்டா ஊருக்குப் போறது, வாறது. ஒருநாளும் ஒரு ஹோட்டலிலை நிண்டதில்லை. இருந்த ஒரு மகனும் போன கிழமை சீமைக்குக் கப்பலேறிட்டான். வீட்டிலை இருக்க ஏலாமல்தான் வெளிக்கிட்டு வந்தனாங்கள். இப்ப திரும்பிப் போ எண்டா எங்கை போறது?"

"ராத்திரி மெயில் இருக்குங்க."

"மெயில் வருமட்டும் இந்தக் குளிருக்கை இவர் இருக்கிறதோ?"

ஐயா மெதுவாக, "இந்தத் தம்பியிலை என்ன பிழை?" என்றார்.

அவர்களைப் பிளாட்பாரத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. மெயில் வரும்வரையாவது ஹோட்டலில் நெருப்புப் பக்கத்தில் இருக்கட்டும் என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். மேனேஜர் துரை போர்ட்டிக்கோவில் நின்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. காலையிலிருந்து அவரே விறகு சுமந்திருந்தார். ஐயா இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்ல, அவர், அறை இருக்கிறது, ஆனால் சாப்பாடும் இல்லை, வேலை செய்ய ஆளும் இல்லை என்றார். ஐயா அதைத் தமிழில் மனைவிக்குச் சொன்னார்.

"அறை இருக்குதெல்லோ? அது போதும். குசினி எங்கை எண்டு கேளுங்கோ" என்றார் அம்மா.

அன்று சாயந்தரமே அந்த அம்மா ஹோட்டல் குசினியில் நுழைந்தார். தங்கள் இருவருக்கும் மட்டும் சமைக்கத்தான் போனார். வெள்ளைக்காரக் குசினியில் ஒன்றும் அவருக்குப் பிடிபடவில்லை. "கொத்தமல்லி இல்லாத ஒரு குசினியோ" என்று முணுமுணுத்தார். நான் எங்கள் காம்பராவிலிருந்து மல்லியும் மிளகும் சுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன். யாருக்குச் சமைக்க இதெல்லாம் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே என்னோடு பின்வாசல்வரை வந்தவர், காம்பரா வரிசையைப் பார்த்தார். திறந்த கதவுகளுக்குள் பாயில் கிடந்தவர்களைப் பார்த்தார். கோக்கியின் மனைவி குழாயடியில் உட்கார்ந்து, எழுந்திருக்க முடியாமல் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இவையளுக்கு ஆர் கஞ்சி வைக்கிறது?"

"என் சம்சாரம் வைக்குமுங்க. மத்தபடி ஆளில்லைங்க."

"இந்த வயித்தோடையோ?" என்று ஏசினார். யாரை ஏசினார் என்று தெரியவில்லை. பெரிய சட்டியை எடுத்து அடுப்பில் ஏற்றினார்.

மறுநாள் காலையிலிருந்து அவர்கள் இருவரும் விருந்தாளிகளாக இருக்கவில்லை. அம்மா இரண்டு வேளையும் கஞ்சியும் மல்லித்தண்ணியும் வைத்தார். வைத்துக்கொண்டே குறையும் சொன்னார். விறகு ஈரம், கரண்டி நீளம், துரைக்கு ஒரு உப்புப் போத்தலை ஒழுங்காக வைக்கத் தெரியாது. மேனேஜரின் மனைவி துரைசானி தலையில் துணியைக் கட்டிக்கொண்டு மேல்மாடியில் மெத்தை விரித்தார். என் மனைவி அதை என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள், சிரிக்கும்போது இருமினாள்.

கந்தோர்க் கிளாக்கரும் படுத்துவிட்டதால் ஐயா அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார். வரப்போகிறவர்களுக்கெல்லாம் தந்தி அடித்து நிறுத்துவது அவர் யோசனைதான். மேனேஜர் துரை அப்போதுதான் ஒத்துக்கொண்டார். ஐயா தந்தி வாசகத்தை எழுதி நீட்டியபோது நான் கதவருகே நின்றேன். அதைத் தபால் கந்தோருக்குக் கொண்டுபோக வேண்டியவன் நான். 'வேலையாட்கள் நோய், வரவேண்டாம்' என்ற பொருளில் ஐயா எழுதியிருந்தாராம். துரை அந்தக் காரணத்தை வெட்டிவிட்டு, 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று மாற்றினார்.

ஐயாவும் என்னோடு தபால் கந்தோருக்கு வந்தார். காரில் என்னிடம் சொன்னார். "நோயெண்டு எழுதினால் அடுத்த வருசமும் ஆக்கள் வரமாட்டினமாம். அதுவும் சரிதான். ஆனால் தம்பி, ஏன் வரவேண்டாமெண்டு ஆருக்கும் தெரியப்போறதில்லை."

எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகப் படவில்லை. திட்டுகிறவர்கள் குறைந்தால் சரி என்றுதான் இருந்தது.

தந்தி கிடைக்காமல் வந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக நான் நானுஓயா போய் வந்துகொண்டிருந்தேன். அதற்கிடையில் என் மனைவி படுத்தாள். முதலில் மற்றவர்களைப் போலத்தான். உடம்பு வலி, கொதிக்கிற காய்ச்சல். நாலு நாளில் எழுந்துவிடுவாள் என்று எல்லோரும் சொன்னார்கள். கோக்கி எழுந்து குந்தியிருக்கத் தொடங்கியிருந்தார். வெளுக்கிற ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அம்மா எங்கள் காம்பராவிலேயே பாதி நேரம் இருந்தார். அவள் முதுகுக்குத் தலையணை வைத்து, காலைச் சூடு பறக்கத் தேய்த்துவிட்டார்.

"பிள்ளை, இன்னும் ஒரு வாய்."

"முடியலம்மா."

"முடியாட்டி வயித்திலை இருக்கிறதுக்குக் குடி."

அதற்காக ஒரு வாய் குடிப்பாள்.

மூன்றாம் நாள் காலையில் காய்ச்சல் சற்று விட்டிருந்தது. நான் ரயிலுக்குப் புறப்படும்போது, "மப்ளர எடுத்துக்குங்க, தலையில சுத்திக்குங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. நான் போனேன். அன்று ரயில் தாமதம். மழையில் எங்கோ மண் சரிந்திருந்தது. வந்தவர்கள் ஒரு வயதான தம்பதி, அவர்களும் கோபப்படவில்லை. நல்ல நாள் என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

வந்து பார்த்தால் காம்பரா திறந்து கிடந்தது. பாய் மட்டும் இருந்தது. ஹோட்டல் பூந்தோட்டத்தைப் பார்க்கிற தோட்டக்காரர் ஓடிவந்தார்.

"மூச்சு வாங்க ஆரம்பிச்சிருச்சு தம்பி. தொரையே அவரு காருல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாரு. அந்த யாப்பாணத்து அம்மா மடியில படுக்க வச்சிக்கிட்டுப் போனாங்க."

ஆஸ்பத்திரியில் கட்டிலெல்லாம் நிரம்பி, வராந்தாவிலும் பாய் விரித்திருந்தார்கள். அவளுக்குக் கட்டில் கிடைத்திருந்தது. டாக்டர் பார்த்துவிட்டு, காய்ச்சல் நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார். ஊசி போட்டார்கள். அந்த டாக்டரும் இரண்டு நாளாகத் தூங்காதவர் போலிருந்தார். அம்மா கட்டில் ஓரத்தில் நின்று, அவள் கையை விடாமல் பிடித்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் என் மனைவி கண்ணைத் திறந்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று மூச்சு வாங்கிக் கேட்டாள்.

"ரயில்ல வந்தவங்க... ஏசுனாங்களா?"

"இல்ல புள்ள. நல்லவங்க. ஒண்ணும் சொல்லல."

தலையை ஆட்டினாள். அதன்பிறகு அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்விட்டாள். பிள்ளையும் அவளோடு போனது. ஆண் பிள்ளை என்று பிறகு நர்ஸ் ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகவே சொன்னார்.

அவளைக் கந்தப்பளைக்குக் கொண்டுபோய்த் தோட்டத்துப் புதைகாட்டில் அடக்கம் செய்வதென்று முடிவானது. ஹோட்டலுக்கு மரக்கறி ஏற்றிவருகிற வேன் ஒன்று இருந்தது, துரை அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதை ஓட்டுகிறவர் காய்ச்சலில் கிடந்தார். ஊரில் வேறு டிரைவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. துரை, தான் ஓட்டுவதாகச் சொன்னார். அவருக்கு அந்தத் தோட்டத்து ரோடு பழக்கமில்லை. மழையில் வழுக்கும் வளைவுகள் நிறைய. கடைசியில் நானே ஓட்டினேன். வெள்ளை விரிப்பொன்றால் அவளைப் போர்த்தியிருந்தார்கள். அவள் தேய்த்து அடுக்கி வைத்த விரிப்புகளில் ஒன்றுதான். பின்னால் அம்மாவும் ஐயாவும் தோட்டக்காரரும் அவளோடு உட்கார்ந்து வந்தார்கள். நான் ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினேன். பள்ளம் வந்தால் எப்போதும் விருந்தாளிகளுக்காகச் செய்வதுபோல மெதுவாக இறக்கினேன்.

லயத்தில் தப்பு அடிக்க ஆளில்லை. ஒப்பாரி வைக்கப் பெண்கள் வந்தார்கள், பாதியில் இருமல் வந்து நிறுத்தினார்கள். அவள் தாய் வாசலில் இரண்டு பேர் பிடிக்க நின்றுவிட்டு, நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டாள். பாடையைத் தூக்க நாலு தோள் வேண்டும். நானும் தோட்டக்காரரும் என் மச்சினனும் இருந்தோம். நாலாவது தோளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஐயா சால்வையைக் கழற்றி மனைவியிடம் கொடுத்துவிட்டு வந்து தூக்கினார். யாழ்ப்பாணத்து உத்தியோகக்காரர் ஒருவர் தோட்டத்துப் பெண்ணின் பாடையைத் தூக்கியதை அந்த லயத்தில் யாரும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். அவர் ஊரில் தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ, தெரியாது. ஏற்றத்தில் அவருக்கு மூச்சு இரைத்தது, தோள் மாற்றவில்லை.

மறுநாள் மேனேஜர் துரை ஹோட்டலை ஒரு வாரத்துக்கு மூடினார். மிச்சமிருந்தவர்களுக்குத் தந்தி அனுப்ப வேண்டியிருந்தது. ஐயா இந்த முறை காரணத்தை எழுதினார். வேலையாட்கள் நோய், ஒருவர் மரணம் என்று எழுதினேன் தம்பி, என்று என்னிடம் சொன்னார். துரை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றையும் வெட்டாமல் கையெழுத்துப் போட்டாராம். அந்தத் தந்திகளைக் கொண்டுபோய்க் கொடுத்தவனும் நான்தான்.

அந்த வாரக் கடைசியில் அவர்களை நானுஓயாவுக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கோக்கியும் அவர் மனைவியும் வாசல்வரை வந்து இரண்டு கையையும் குவித்துக் கும்பிட்டார்கள். ரயில் வந்து ஐயா ஏறிய பிறகு, பிளாட்பாரத்தில் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஒருநாள் முந்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கலாமோ எண்டு யோசிச்சுக்கொண்டே இருக்கிறன் தம்பி."

"நீங்க இல்லாட்டி அவளுக்கு ஒரு வாய்க் கஞ்சிகூட கெடச்சிருக்காதுங்கம்மா."

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிடு மேனே. சாப்பிடாமல் கிடக்காதை" என்று சொல்லிவிட்டு ஏறினார். அதுவரை தம்பி என்றுதான் கூப்பிட்டிருந்தார், மகனே என்று கூப்பிட்டது அப்போதுதான்.

ஹோட்டல் திறந்தது. படுத்தவர்கள் எழுந்து வேலைக்கு வந்தார்கள். தேய்க்கிற அறைக்குப் புதிதாக ஒரு பெண்ணைப் போட்டார்கள். நான் அந்தப் பக்கம் போகாமல், துணி மூட்டைகளைச் சமையல்கட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு வந்துவிடுவேன். எங்கள் காம்பராவைத் தனி ஆளுக்குக் கொடுக்க முடியாது என்று யாரும் சொல்லவில்லை. நானாகவே காலி செய்துவிட்டு, தோட்டக்காரரோடு போய் இருந்தேன்.

அடுத்த ஏப்ரலில் நுவரெலியா முழுக்கக் கூட்டம். ஒரு கொழும்புக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தேன். கணவன் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நன்றாகப் பேசுகிறவர்.

"போன ஆகஸ்டிலேயே வர இருந்தோம். புறப்படுகிற அன்றைக்குத் தந்தி. பிள்ளைகள் பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டு அழுதார்கள். கடைசி நேரத்தில் அப்படிச் செய்யலாமா? தவிர்க்க முடியாத காரணம் என்றால் என்ன காரணம்?"

"காய்ச்சலுங்க. வேல பாக்குறவங்களுக்கு."

"ஓ, அந்தக் காய்ச்சலா? எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் வந்தது. நாலு நாளில் சரியாகிவிட்டது. உமக்கும் வந்ததா?"

"எனக்கு வரலீங்க."

"அதிர்ஷ்டக்காரர்" என்றார். பின்னாலிருந்து அவர் மனைவி, ஜன்னலை ஏற்றச் சொன்னார், குளிர்கிறதாம். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் ஏற்றிவிட்டேன். ஒரு நிமிடம் வெளியிலேயே நின்றேன். பிறகு ஏறி ஓட்டினேன்.

அந்த சீசன் முடிந்ததும் வேலையை விட்டேன். மேனேஜர் துரை ஏன் என்று கேட்கவில்லை. கையைப் பிடித்துக் குலுக்கினார். பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்து ஃபேக்டரியில் லொறி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. தேயிலைப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்குவதுதான் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் யாருமில்லை. சில வருடங்கள் கழித்து உறவுக்காரர்கள் கட்டாயப்படுத்தி எனக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைத்தார்கள். அவள் நல்லவள். பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றைக்கு நான் லொறியை எடுப்பதில்லை. ஃபேக்டரி கிளாக்கர் ஏசுவார், சம்பளத்தில் வெட்டுவார். நான் பாயோரத்தில் உட்கார்ந்து, பிள்ளையின் மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பேன்.